காற்று வீசும் நாளில் வலி இல்லை

— காத்தடிக்கிற நாள்ல மட்டும் வயிறு வலிக்க மாட்டேங்குதுன்னா, அது என்ன நோவுடீ?

— அதைத்தான் அண்ணி நானும் ஒரு மாசமா யோசிக்கிறேன். கதவைத் திறக்க வேண்டாம், நீங்க உள்ளேயே இருங்க. காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்க.

— கதவைத் தட்டாத.

— தட்டலை. சாஞ்சு நிக்கிறேன்.

— ரெண்டும் ஒண்ணுதான். டாய்லெட் வாசல்ல ஆள் நிக்குதுன்னு தெரிஞ்சாலே என் வயித்துக்கு வெக்கம் வந்துடும். மணி என்ன?

— ஆறு இருபது. கான்கிரீட் லாரி எட்டு மணிக்குத்தான். நிதானமா இருங்க. காலுக்குக் கீழ செங்கல் வச்சீங்களா?

— ரெண்டு வச்சேன். நர்ஸ் சொன்ன மாதிரி, முட்டி இடுப்புக்கு மேல. தவளை மாதிரி உக்காந்திருக்கேன்.

— இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் நேரா வச்ச செங்கல் அந்த ரெண்டுதான்.

— சிரிக்க வைக்காத விசில். வயித்துல தையல் போட்ட இடம் இழுக்குது.

— சரி, சிரிக்க வேண்டாம். இப்ப பாருங்க, ஒண்ணு ஒண்ணா வருவோம். கையில கிரேன் நோட்டு வச்சிருக்கேன்.

— அது எதுக்கு?

— தினம் காலையில காத்து வேகம் எழுதுறது நான்தானே. கீழ நின்னு விசில் ஊதி, கொக்கியை இங்க இறக்கு, அங்க இறக்குன்னு கை காட்டுறவளுக்கு எழுத்து வேலை இது ஒண்ணுதான். காத்து அளவை மீறினா கிரேன் நிக்கணும், நீங்க மேல இருக்கக் கூடாது. போன மாசம் அப்படி ஆறு நாள். ஆறு நாளும் உங்க வயிறு சமத்தா இருந்திருக்கு.

— சமத்தா இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னது?

— உங்க சாப்பாட்டு டப்பா. காத்தடிச்ச நாள்ல காலியா திரும்பும். மத்த நாள்ல பாதி அப்படியே இருக்கும். நோட்டு ஓரத்துல பென்சில்ல புள்ளி வச்சுக்கிட்டே வந்தேன்.

— மானத்தை வாங்குறியே. இஞ்சினியர் பாக்குற நோட்டு அது.

— அவர் கையெழுத்து போடுற இடத்தைத் தவிர வேற எதையும் பாக்க மாட்டார். இருங்க, வாக்கி-டாக்கி கூப்பிடுது. சொல்லுங்க மேஸ்திரி... ஆமா, ஆபரேட்டர் கீழதான் இருக்காங்க... இன்னும் ஏறலை. சோதனை நடக்குது... என்ன சோதனையா? குழாய்ச் சோதனை... அடைப்பு இருக்கான்னு பாக்குறோம். முடிஞ்சதும் சொல்றேன்.

— வாயைக் கழுவு.

— பொய் ஒண்ணும் சொல்லலையே.

— போகட்டும். நீ இவ்வளவு மெனக்கெட வேண்டாம்டீ. நான் கடிதம் எழுதிட்டேன். சட்டைப் பையில இருக்கு. கான்கிரீட் வேலை முடிஞ்சதும் இஞ்சினியர் கையில கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.

— என்ன கடிதம்?

— கிரேனை வேற ஆளுக்குக் கொடுங்கன்னு.

— பதினாலு வருஷமா ஓட்டுறீங்க அண்ணி.

— பதினாலு வருஷம் ஓட்டினது இந்த உடம்பு இல்ல. அந்த உடம்புல சினைப்பை ரெண்டும் இருந்துச்சு, கருப்பை இருந்துச்சு, குடல் முழுசா இருந்துச்சு. கேன்சர்னு சொல்லி எடுத்தது போக மிச்சம் இருக்கிறதை வச்சுக்கிட்டு ரெண்டு மாசமா ஏறி இறங்குறேன். போதும்.

— வலிக்குதுன்னா விடுறீங்க?

— வலிக்குதுன்னு விடலை. வலியோட எனக்குப் பழக்கம் உண்டு. முறுக்குற வலி வந்தா மூச்சை மெதுவா விடணும், இழுக்குற வலி வந்தா முன்னால குனியணும். வெந்நீர்ப் பையை இடுப்புல கட்டிக்கிட்டு, கொக்கி சும்மா நிக்கிற நேரத்துல வயித்தை வலப்பக்கமா வட்டம் போட்டுத் தடவிக்கிட்டு, அதையெல்லாம் சமாளிச்சுட்டேன். நேத்து ஒண்ணு நடந்துச்சு, அதான்.

— நேத்து மூணு மணிக்கு. கம்பிக்கட்டு.

— உனக்குத் தெரியுமா?

— கொக்கிக்குக் கீழ நின்னது நான். கட்டு ஒரு முழம் நகர்ந்து, உடனே நின்னுடுச்சு. பதினாலு வருஷத்துல உங்க கொக்கி அப்படி நகர்ந்து யாரும் பாத்ததில்ல.

— அந்த நேரத்துல குடலைத் துணி பிழியுற மாதிரி பிழிஞ்சுது. கை தானா மடங்கிடுச்சு. ரெண்டு டன் கம்பி, கீழ நீ. உங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அங்கயே உக்காந்து கடிதத்தை மனசுல எழுதிட்டேன்.

— அப்புறமும் அந்தக் கட்டை மூணாவது மாடியில, முட்டை வைக்கிற மாதிரி வச்சீங்க.

— பாதியில தொங்க விட்டுட்டு வர முடியுமா?

— சரி. கடிதம் பையிலயே இருக்கட்டும். எனக்கு அரை மணி நேரம் கொடுங்க. பழுது எங்கன்னு தெரியாம வண்டியைக் கழிச்சுக் கட்டுறது எனக்குப் பிடிக்காது.

— பழுது எங்கன்னு எனக்குத் தெரியும். திரும்ப வந்துடுச்சு.

— பத்து நாளைக்கு முன்னால ஸ்கேன் எடுத்தாங்களே? சுத்தமா இருக்குன்னு டாக்டர் சொன்னாரே?

— டாக்டர் சொன்னார். வயிறு நம்பலை.

— திரும்ப வந்த நோய் காலையில காத்து வேகம் பாத்துட்டா வலிக்கும்? இப்ப பாருங்க. முதல்ல சாப்பாடு. காத்தடிச்ச நாளும் அதே டப்பா, அதே சாப்பாடு, அண்ணன் கட்டிக் கொடுத்தது. அதனால சாப்பாடு இல்ல.

— அவர் சமையல்னா சந்தேகப்படலாம்.

— சந்தேகப்பட்டேன். நானும் அதைத்தான் சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலை. அடுத்து, ஏணி. நாப்பது மீட்டர் ஏறுறது வயித்தை இழுக்குதோன்னு பாத்தேன். அஞ்சாம் தேதி நீங்க மேல போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் காத்து ஏறிடுச்சு, உடனே இறங்கிட்டீங்க. ஏணி ஏறினீங்க, இறங்கினீங்க, வலி வரலை. அதனால ஏணியும் இல்ல.

— மேல ஆடுது இல்ல? அந்த ஆட்டம்தான் குடலைக் கலக்குதுன்னு நினைச்சேன்.

— நானும் நினைச்சேன். ஆனா போன புதன்கிழமை மெக்கானிக் வந்தார், நினைவிருக்கா? கிரேன் அசையவே இல்ல. நீங்க நாலு மணி நேரம் கேபின்ல சும்மா உக்காந்து அவருக்கு ஸ்விட்சு போட்டுக் கொடுத்தீங்க. அன்னிக்கும் வலி.

— ஆமா. அன்னிக்கு ரொம்பவே.

— அப்ப ஆட்டம் இல்ல, வேலை பதட்டம் இல்ல. மேல இருக்கிறதுதான் காரணம். இப்ப சொல்லுங்க, கீழ இருக்கிற எது மேல இல்ல?

— நீ. அதனால மேல கொஞ்சம் நிம்மதி.

— நான் வாக்கி-டாக்கியில வந்துடுறேனே. வேற?

— வேற என்ன, இந்த டாய்லெட்.

— டாய்லெட் இல்லாத இடத்துக்குப் போறவங்க கிளம்புறதுக்கு முன்னால என்ன பண்ணுவாங்க?

— சுத்தி வளைக்காம நேரா கேளுடீ.

— காத்தடிச்ச நாள்ல ஷெட்ல உக்காந்து மூணு பாட்டில் தண்ணி காலி பண்ணுறீங்க, டீ தனி. ஏறுற நாள்ல எவ்வளவு குடிக்கிறீங்க?

— நாக்கு நனையுற அளவுக்கு.

— காலையிலேர்ந்து?

— முந்தின நாள் ராத்திரியிலேர்ந்து.

— பதினாறு மணி நேரம்.

— உனக்கு ஒரு விஷயம் தெரியாதுடீ. வேலைக்குத் திரும்பி வந்த முதல் வாரம். அப்ப மலக்கட்டு இல்ல, வயித்து ஓட்டம். மருந்து ஏத்தி ஏத்திக் குடலுக்கு நிதானமே போயிடுச்சு. வருதுன்னு தெரியுறதுக்கும் வந்துடுறதுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம்தான். ஏணி இறங்கப் பத்து நிமிஷம்.

— ஐயோ அண்ணி.

— பாதி ஏணியில நின்னுட்டேன். மேலயும் போக முடியலை, கீழயும் வர முடியலை. கீழ நாப்பது ஆம்பளைங்க. நல்லவேளை, ஒருத்தனும் தலை தூக்கிப் பாக்கலை. அப்புறம் வந்து, இதே டாய்லெட்ல பேன்ட்டை அலசிப் போட்டுட்டு, ஸ்டோர்லேர்ந்து எலக்ட்ரீசியன் பேன்ட் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு மேல போனேன்.

— அன்னிக்கு மதியம் நாலாவது மாடிக்குக் கண்ணாடி ஏத்தினீங்க. பன்னெண்டு கண்ணாடி. ஒரு கீறல் இல்ல. நான் கீழ நின்னு, பேன்ட் என்ன சாக்கு மாதிரி தொங்குதுன்னு வாக்கி-டாக்கியில கேலி பண்ணேன்.

— பண்ணின. நல்லாத்தான் இருந்துச்சு. ஒருத்தி வழக்கம்போலப் பேசினா மத்ததெல்லாம் வழக்கம்போல ஆயிடுற மாதிரி இருந்துச்சு. அன்னியிலேர்ந்து முடிவு பண்ணேன், ஏறுறதுக்கு முன்னால வயித்துக்குள்ள ஒண்ணும் போகக் கூடாது. ஓட்டமும் நின்னுச்சு. வித்தை பலிச்சுதுன்னு நினைச்சேன்.

— வித்தை பலிச்சுது அண்ணி. அந்த மாசத்துக்குப் பலிச்சுது. குடல் மாறிடுச்சு, வித்தை மாறலை. அவ்வளவுதான். இப்ப கட்டு எத்தனை நாளா?

— மூணு நாள். அதுக்குத்தான் நார்ப்பொடி எடுத்துக்கிறேனே. முதல்ல ஒரு ஸ்பூன் எடுத்தேன். கேக்கலை, ரெண்டு ஆக்கினேன். இப்ப மூணு.

— எவ்வளவு தண்ணியில?

— அரை டம்ளர். கால்னு வச்சுக்கோயேன்.

— அண்ணி, கதவுக்குக் கீழ ஒரு டீ கப் தள்ளுறேன். எடுத்துப் பாருங்க.

— என்னடீ இது, பசை?

— உங்க பொடிதான். நேத்து அண்ணன்கிட்ட வாங்கிட்டு வந்தேன். நீங்க கலக்குறதைப் பாத்து அவர் சொன்ன அளவு: மூணு ஸ்பூன், கால் டம்ளர் தண்ணி. கலக்கி இருபது நிமிஷம் ஆச்சு. கவுத்துப் பாருங்க.

— விழலை.

— விழாது. இந்தப் பொடி தண்ணியை உறிஞ்சி உப்பி, மெத்துன்னு ஆகித்தான் உள்ள இருக்கிறதை வழுக்கிக்கிட்டுப் போகணும். தண்ணி போதலைன்னா, குடல்ல இருக்கிற ஈரத்தையும் தானே இழுத்துக்கிட்டு இப்படி நின்னுடும். கான்கிரீட் லாரியில தண்ணி கம்மியா போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

— குழாய்லயே இறுகிடும்.

— அப்ப நாம என்ன பண்ணுவோம்? இன்னும் ரெண்டு மூட்டை சிமென்ட் போடுவோமா?

— ...இதை நான் ஒரு மாசமா பண்ணிக்கிட்டு இருக்கேன்.

— வலிக்கு மாத்திரையும் போடுறீங்க இல்ல? அந்த வெள்ளை மாத்திரை.

— மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.

— சீட்டைப் படிச்சேன். மலச்சிக்கல் வரலாம்னு போட்டிருக்கு. கட்டினா வலி, வலிச்சா மாத்திரை, மாத்திரை போட்டா இன்னும் கட்டும். வட்டம் போட்டுச் சுத்துறீங்க. ஆனா நான் விசில் ஊதுறவ. டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரி சிஸ்டருக்குப் போன் போடுறேன், சத்தமா வைக்கிறேன், நீங்களே பேசுங்க.

— காலங்காத்தால அந்தப் பிள்ளையை ஏன் தொந்தரவு பண்ணுற?

— எப்ப வேணா கூப்பிடுங்கன்னு நம்பர் கொடுத்தாங்களே. சிஸ்டர், வணக்கம். கிரேன் அம்மாவோட நாத்தனார் பேசுறேன். அண்ணி பக்கத்துலதான் இருக்காங்க. நடுவுல ஒரு கதவு இருக்கு, அதனால கொஞ்சம் சத்தமா பேசுங்க.

— சரிம்மா. கிரேன் அம்மா, சொல்லுங்க. அவசரமில்ல.

— சிஸ்டர், வயிறு முறுக்குது. மூணு நாளா வெளிய போகலை. பொடியைத் தண்ணியில்லாம சாப்பிட்டிருக்கேன்னு இவ இப்பதான் கண்டுபிடிச்சா.

— நான் கேக்கிறதுக்குக் கூச்சப்படாம பதில் சொல்லணும். வாந்தி வந்துதா?

— இல்ல.

— வயிறு உப்பிக் கல்லு மாதிரி ஆயிடுச்சா?

— கொஞ்சம் உப்பல்தான். அமுக்கினா அமுங்குது.

— காத்து பிரியுதா?

— அதைக் கதவுக்கு வெளிய நிக்கிறவகிட்ட கேளுங்க.

— பிரியுது சிஸ்டர். நான் சாட்சி.

— நல்லது, அது நல்ல சேதி. வலி விட்டு விட்டு வருதா, விடாம இருக்கா?

— விட்டு விட்டு. இப்ப இல்ல. சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். ஸ்கேன் சுத்தம்னு சொல்லிட்டீங்க. அப்புறம் ஏன் வலிக்குது? மனசுதான் வலிக்குதா?

— மனசு இல்லம்மா. வலி நிஜம். ஆபரேஷன் பண்ணின இடமெல்லாம் உள்ள தழும்பா ஆறியிருக்கு. முன்னால உங்க குடல் தாராளமா நகர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப அங்கங்க ஒட்டிப் பிடிச்சு, சில இடத்துல வளைஞ்சிருக்கலாம். கெட்டியா ஏதாவது வந்து அந்த வளைவுல நின்னா, குடல் அதைத் தள்ளப் பாக்கும். அந்தத் தள்ளுறதைத்தான் நீங்க முறுக்குன்னு சொல்றீங்க. உங்க மாதிரி ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க நிறைய பேர் இதே வலியோட வர்றாங்க.

— நிறைய பேரா? எனக்கு மட்டும்னு நினைச்சேன்.

— யாரும் வெளிய பேச மாட்டாங்க, அதனால எல்லாருமே தனக்கு மட்டும்னு நினைச்சுக்கிறாங்க. இப்ப கேளுங்க. பொடி இன்னியோட நிறுத்தம். வெள்ளை மாத்திரையும் போட வேண்டாம், டாக்டர் வேற சொல்லுவார். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. பத்து மணிக்கு இங்க வந்துடுங்க, டாக்டர் வயித்தைத் தொட்டுப் பாக்கணும். அதுக்குள்ள வாந்தி வந்தாலோ, வலி விடாம நின்னாலோ, காத்து பிரியறது நின்னாலோ போன் பண்ண வேண்டாம், நேரா அவசரப் பிரிவுக்கு வந்துடணும். இன்னிக்குக் கிரேன்ல ஏறக் கூடாது.

— அப்புறம்? நாளைக்கு, அடுத்த வாரம், அடுத்த வருஷம்?

— மலத்தை இளக்குற மருந்து வேற கொடுப்பாங்க. அதுக்கும் தண்ணி வேணும். நாள் பூரா குடிக்கணும். மூணு வேளை நிறைய சாப்பிடுறதை அஞ்சாறு வேளையா பிரிச்சு, நல்லா மென்னு சாப்பிடணும். நடக்கணும். முக்கியமா, வயிறு கூப்பிடும்போது போயிடணும். அடக்கிப் போட்டா குடல் கூப்பிடுறதையே மறந்துடும்.

— நாப்பது மீட்டர் மேல உக்காந்திருக்கேன் சிஸ்டர். இறங்கப் பத்து நிமிஷம், ஏற இருபது. நான் இறங்கினா மொத்த சைட்டும் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை யாரு விடுவாங்க?

— அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். பத்து மாசம் முன்னால நீங்க படுத்திருந்த வார்டுல இப்ப ஒருத்தங்க இருக்காங்க. அவங்ககிட்ட, இங்கேயிருந்து போன ஒரு அம்மா இப்ப கிரேன் ஓட்டுறாங்கன்னு தினமும் சொல்லுவேன். அவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, எந்தக் கிரேன்னு கேக்குறாங்க. பத்து மணிக்குப் பாக்கலாம்.

— வச்சுட்டாங்களா?

— வச்சுட்டாங்க.

— நல்ல பிள்ளை. போகட்டும், மனசு லேசாச்சு விசில். திரும்ப வரலைன்னு இப்ப வயிறும் நம்புது. ஆனா கடிதம் கடிதம்தான். வியாதி இல்லைன்னு தெரிஞ்சாலும் ஏணி அதே ஏணி. தண்ணி குடிச்சா மேல இருக்க முடியாது, குடிக்கலைன்னா உன் தலைமேல கம்பி தொங்கும்.

— இஞ்சினியர்கிட்ட நேத்து சாயங்காலம் பேசினேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்திக்கிறதா இருந்தா அவருக்குச் சம்மதம். களைப்பு இல்லாத கை நல்லதுதானேன்னு அவரே சொல்றார்.

— மாத்துறதுக்கு ஆள் வேணுமே. ஆஸ்பத்திரியில இருந்தப்ப என் சீட்டுல ஒருத்தனை உக்கார வச்சாங்க. மூணு தண்ணி பேரலை உடைச்சு, மேஸ்திரி வண்டியை நசுக்கிட்டுப் போனான். அந்த மாதிரி ஒருத்தன் கையில குடுத்துட்டுக் கீழ நின்னு பாக்கச் சொல்றியா? தள்ளு, கதவைத் திறக்கிறேன்.

— மெதுவா வாங்க. கொஞ்சமாவது ஆச்சா?

— கொஞ்சம் ஆச்சு. ஏன்டீ, என்ன கோலம் இது? கீழ நிக்கிறவளுக்கு ஏணி பெல்ட் எதுக்கு?

— ஏறுறதுக்கு.

— விளையாடாத. லைசன்ஸ் இல்லாம ஏறினா ஜெயில்.

— இருக்கு. போன வெள்ளிக்கிழமை வந்துச்சு. பக்கத்து சைட்ல பத்து மாசம், ஞாயித்துக்கிழமை தோறும் ஓட்டிப் பழகினேன். நேத்து இஞ்சினியர் கையெழுத்தும் போட்டுட்டார். இன்னிக்கு முதல் நாள்னால மெக்கானிக் கூடவே கேபினுக்கு வர்றார்.

— பத்து மாசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. எப்படிடீ உனக்கு இந்த எண்ணம் வந்துச்சு?

— உங்களை ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க. நானும் அண்ணனும் வாசல்ல ஏழு மணி நேரம் உக்காந்திருந்தோம். அண்ணன் அழுதுக்கிட்டு இருந்தார். எனக்கு அழத் தெரியலை. நீங்க எப்படியும் திரும்ப ஏறுவீங்கன்னு தெரியும், ஏறினா ஒரு நாள் இறங்கவும் வேண்டியிருக்கும்னு தோணுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ச் சேர்ந்தேன்.

— ...அந்த பெல்ட் கொக்கியைச் சரியா மாட்டு. இடது பக்கம் திருகியிருக்கு.

— மாட்டிட்டேன். அண்ணன் வண்டியோட கேட்டுல நிக்கிறார், நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. டாக்டர் சரின்னு சொல்ற நாள்லேர்ந்து, ரெண்டு மணி நேரம் நீங்க மேல, நான் கீழ. அடுத்த ரெண்டு மணி நேரம் நான் மேல, நீங்க கீழ, விசில் கழுத்துல, தண்ணி கையில, டாய்லெட் இருபது அடி தூரத்துல.